முப்பத்தொன்பதாம் பக்கம்

மீற்றர் வாசிப்பது என் வேலை.
உவர்மலையில் தொடங்கினால்
மதியத்துக்குள் தொண்ணூறு வீடு.
நாய் உள்ள வீடு,
நாய் இல்லை என்று பொய் சொல்லும் வீடு,
சிலந்தி வலைக்குள் இலக்கத்தை ஒளித்த வீடு.
கட்டத்துக்குள் எட்டிப் பார்த்தே
உன் கண் இப்படிப் போனது என்பாள் காஞ்சனா.
இல்லை.
எனக்குக் கட்டம் முதல், மீற்றர் பிறகு.

தோள்பையில்
பில் கட்டுக்கும் சோற்றுப் பார்சலுக்கும் நடுவே
பொலித்தீன் உறையில் நீலநரி,
இதழ் பதினேழு.
டச்பே கரையில், வாகை நிழலில்,
ஒரு மதியத்துக்கு எட்டுப் பக்கம்.
அடுத்த இதழ் எப்போது என்பது
ஜெசிந்தாவின் மச்சான் சென்னையிலிருந்து வரும்போது
சாறிகளுக்கு மிஞ்சி
பெட்டியில் எவ்வளவு இடம் என்பதைப் பொறுத்தது.
ஆகவே எட்டுத்தான்.
சட்டம் போட்டவன் நான்,
ஒன்பதாம் பக்கத்தில் மீறுபவனும் நான்.

முதலில் வாசிப்பதில்லை, பார்ப்பேன்.
மலிந்த அச்சு.
சிவப்பு மை உதட்டை விட்டு வழுக்கிக்
கன்னத்தில் நிற்கும்.
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதும்,
அதற்கு எழுத்து இல்லை.

மூன்று பேர்தான் நாங்கள்.
ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் ஜெசிந்தா,
கிண்ணியாவிலிருந்து ஐஸ் லொறி ஓட்டும் பஹ்மி,
நான்.
சனி பின்னேரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பிளேன்டீ.
பஹ்மி, சாம்பல் குதிரைக் கட்சி:
பாலைவனம், தொப்பி,
ஒரு வசனத்துக்கு மூன்று பிணம்.
ஐஸ் பிடித்த கையைத் துவாயில்
இரண்டு தரம் துடைத்துத்தான் அட்டையைத் தொடுவான்.
எங்களையும் துடைக்கச் சொல்லுவான்.

ஒருநாள் டுமீல் பற்றிச் சண்டை.
புது மொழிபெயர்ப்பில் துப்பாக்கி ‘டப்’ என்கிறதாம்.
டப் என்பது டின் மூடி, என்றாள் ஜெசிந்தா,
டுமீல் இல்லாமல் என்ன துப்பாக்கி?
பஹ்மி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தான்.
உண்மையான சத்தம் எங்கள் மூவருக்கும் தெரியும்.
அது டுமீல் இல்லை. டப்பும் இல்லை.
அதை ஒருவரும் எழுத்துக் கூட்டிப் பார்த்ததில்லை.
“டுமீலே இருக்கட்டும்,” என்றான் கடைசியில்,
“டுமீலுக்குச் செத்தவன்
அடுத்த இதழில் எழும்பி வருவான்.”
பிறகு வடை வந்தது.

இது நடந்தது செவ்வாய்க்கிழமை.
பக்கம் முப்பத்தெட்டு.
கலங்கரை விளக்கத்தின் உச்சி.
நீலநரியின் விரல் முகமூடியின் விளிம்பில்.
கீழே, கோணல் எழுத்தில், ‘நீ... நீயா?!’
சோற்றுக் கை. கழுவ எழுந்தேன்.
திரும்பினால் மான்.

இந்த ஊர் மானுக்குக் காடும் தெரியாது,
கூச்சமும் தெரியாது.
சந்தையில் கோவா இலை,
கோயிலடியில் வாழைப்பழத் தோல்,
இன்றைக்கு முப்பத்தொன்பதாம் பக்கம்.
சூ என்றேன்.
மென்றபடியே என்னைப் பார்த்தது.
வாயோரம் ஒரு பேச்சுக் குமிழி
நீட்டிக்கொண்டு நின்றது,
ஏதோ சொல்ல வந்ததுபோல.

பஹ்மியிடம் அந்த இதழ் இல்லை.
ஜெசிந்தா வாசித்திருந்தாள். சொல்ல மாட்டாளாம்.
சில மருந்தை வெளிச்சத்தில் திறக்கக் கூடாதாம்.
கெஞ்சினேன். ஒரு கிழமை.
சனிக்கிழமை ஒரு மருந்துத் துண்டைத் தந்தாள்,
பின்பக்கம், நீலப் பேனையில், ஆறு கட்டம்.
நீலநரிக்குக் கழுத்து இல்லை.
கலங்கரை விளக்கம் இருமல் பாணிப் போத்தல்.
முகமூடி கழன்றால்
அவளுடைய மேலதிகாரி,
அதே மூக்குக் கண்ணாடியோடு.
உண்மையில் இப்படித்தானா?
“கிட்டத்தட்ட,” என்றாள்.

காயத்துக்குப் போடும் பிளாஸ்டரால்
அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.
இனி இந்த இதழுக்கு விலையே இல்லை
என்று பஹ்மிக்குக் கவலை.
இரண்டு தரம் இரவல் வாங்கிப் போய்விட்டான்.

இன்று வாகையடியில் அதே மான்,
அல்லது அதன் தங்கச்சி.
பையை மோந்தது.
பதினெட்டு இன்னும் வரேல்லை, என்றேன்.
நம்பவில்லை.